தந்தையின் துப்பாக்கி யாருக்குச் சேரும்?

கேள்வி: என் தந்தை பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அவர் நோயில் படுத்திருந்த காலத்தில் உரிமம் காலாவதியாகிவிட்டது. அண்மையில் அவர் காலமானார். துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விரும்பும் என் அண்ணன், அதுவரை அவை வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். தந்தையின் கோப்பில் இருந்த பழைய படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது, அது இப்போது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா?
– வாசகி ஒருவர்

பதில்: படிவத்தைப் பற்றிய கவலையைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அம்மா. முதலில் அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியேற வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, உரிமம் காலாவதியானதாலோ வேறு எக்காரணத்தாலோ ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், அதைக் கையில் வைத்திருப்பவர் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாக்களுக்கும் இதுவே விதி. பலர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாக்களை மறந்துவிடுகிறார்கள். உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையிலான சிறையாக உயர்ந்துள்ளது என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைத் தேதியுடன் கேட்டு வாங்குங்கள். பின்னர் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் அந்தச் சீட்டுதான் உங்களுக்குத் துணை.

ஒப்படைத்துவிட்டால் துப்பாக்கி பறிபோய்விடும் என்ற அச்சம் வேண்டாம். அதைத் திரும்பப் பெறவோ, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவோ வாரிசுகளுக்கு அதே பிரிவு உரிமை தருகிறது. ஆனால் விதிகளில் குறித்த காலத்திற்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால், மாவட்ட நடுவரின் (ஆட்சியரின்) ஆணைப்படி அது அரசுடைமையாகிவிடலாம். ஆகவே ஒப்படைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்திருக்கவும் கூடாது.

இனி உரிமம். நிலத்தைப்போல் அது வாரிசுக்குத் தானாக இறங்குவதில்லை. உங்கள் அண்ணன் 'பெயர் மாற்றம்' என்று குறிப்பிடுவது, உண்மையில் அவர் பெயரில் புதிதாக வழங்கப்பட வேண்டிய உரிமம். எனவே காவல்துறை விசாரணையும் தகுதி ஆய்வும் அவருக்கும் உண்டு. 1962ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2016இல் புதிய ஆயுத விதிகள் வந்தபோது படிவங்கள் அனைத்தும் மாறின. உங்கள் தந்தையின் கோப்பில் இருந்தது திரும்பி வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தனிநபர் விண்ணப்பத்திற்கு இப்போது உள்ளது ஏ-1 படிவம். அதனுடன் உடல், மன நலம் குறித்த மருத்துவச் சான்று, ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று போன்றவை கேட்கப்படும். வாரிசு என்ற முறையில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் அனைவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவையும் தேவை. உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது; இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிட விரும்புகிறேன். தந்தையின் உரிமப் புத்தகத்தில் ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்து, அதன் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள். பழைய கோப்பையோ அண்டை வீட்டாரின் நினைவையோ நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே ஆவணப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: உரிமம் கேட்டு விண்ணப்பித்துப் பல மாதங்கள் ஆகின்றன. கேட்கும்போதெல்லாம் காவல்துறை அறிக்கை வரவில்லை என்கிறார்கள். எனக்குப் பெரிய சொத்து இல்லாததுதான் காரணம் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர் ஒருவர்

பதில்: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்திற்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு தெளிவாகவே கூறுகிறது. அறிக்கைக்கும் காலவரம்பு உண்டு: காவல் நிலையம் 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், அவ்வாறு வராவிட்டால், அதற்காகக் காத்திராமலே முடிவெடுக்கும் அதிகாரத்தை 13ஆவது பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தந்திருக்கிறது. இதைக் குறிப்பிட்டு, விண்ணப்ப எண்ணுடன் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குக் கோப்பில் எந்தத் தடயமும் இருக்காது. பதில் இல்லையெனில், விண்ணப்பம் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். உரிமம் வழங்குவது அதிகாரியின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது, உங்களுக்குக் கிடைத்தே தீரும் என்று நான் உறுதி சொல்ல இயலாது; ஆனால் ஆம், இல்லை என்ற பதிலைப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: என் உரிமத்தில் மூன்று துப்பாக்கிகள் உள்ளன, ஒன்று தாத்தா காலத்தது. மூன்றையும் வைத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: கூடாது. ஆயுதச் சட்டத் திருத்தத்தின்படி, 2019 டிசம்பர் 14 முதல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை இரண்டு. பரம்பரையாக வந்தது என்பதும் விதிவிலக்கல்ல. கூடுதலானதை ஒப்படைக்க அளிக்கப்பட்ட ஓராண்டு அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டதால், எதை விடுவது என்று இந்த வாரமே முடிவு செய்து ஒப்படையுங்கள். தாத்தாவின் துப்பாக்கி பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் இருந்தால், 45ஆவது பிரிவின் விலக்கு பொருந்தக்கூடும். ஆனால் அதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல், உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியிருக்கிறது. எனினும் உங்கள் புத்தகத்தில் அச்சிட்டுள்ள முடிவுத் தேதியையே கணக்கில் கொண்டு, அதற்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.