டவர் வைக்க நிலம் கேட்கிறார்கள், பணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, பென்னாகரம் வட்டத்தில் ஏரியூர் பக்கம் எங்களுக்குக் கரட்டோரமாக இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. போன வாரம் ஒருவர் போனில் பேசினார். நோக்கியா கம்பெனி 5ஜி டவர் வைக்க எங்கள் நிலத்தைத் தேர்வு செய்திருக்கிறதாம். முன்பணம் 25 லட்சம், மாத வாடகை 35,000, பையனுக்கு டவர் காவலாளி வேலை என்றார். வாட்ஸ்அப்பில் கடிதமும் வந்தது. இரண்டு கைகள் சேரும் படத்தோடு நோக்கியா சின்னம், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) முத்திரை எல்லாம் இருக்கிறது. தடையில்லாச் சான்றுக்கு 18,500 ரூபாய் கட்ட வேண்டுமாம், பிறகு திருப்பித் தருவார்களாம். ஆதார், சிட்டா நகலை அனுப்பிவிட்டேன். பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், ஒரு ரூபாய்கூட. இது மோசடி. 18,500 கட்டினால் அதோடு நிற்காது. அடுத்து ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் ஒப்பந்தச் செலவு என்று வரிசையாக வரும். போட்ட பணத்தை விடக்கூடாதே என்று மேலும் மேலும் கட்டி, நகையை அடகு வைத்தவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு.

இதில் பெயர் இழுபடும் நோக்கியாவுக்கு இந்த மோசடியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அது என்ன தொழில் செய்கிறது என்று தெரிந்தால், இனி யார் எந்தப் பெயரைச் சொல்லிப் பேசினாலும் உங்களுக்கே விளங்கிவிடும்.

நோக்கியா 1865இல் ஃபின்லாந்தில் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கியது. நமக்கு அது கைபேசிக் கம்பெனியாகத்தான் பழக்கம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய அதன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதே 2014 ஏப்ரலில் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. அதன்பின் 2016இல் எச்எம்டி என்ற வேறு ஒரு ஃபின்லாந்து நிறுவனம் உரிமம் வாங்கி, அந்தப் பெயரில் போன் விற்கத் தொடங்கியது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நோக்கியா போன் சில வருடங்களுக்குள் வாங்கியது என்றால், அது எச்எம்டி விற்றதுதான்.

நோக்கியாவின் இன்றைய பிழைப்பு நெட்வொர்க் கருவிகள். டவர் உச்சியில் தெரியும் ஆன்டெனா, அதோடு சேர்ந்த ரேடியோ பெட்டி, கீழே கேபினெட்டுக்குள் இருந்து சிக்னலைக் கையாளும் பேஸ்பேண்ட் கருவி, ஊர்களை இணைக்கும் ஃபைபர் சாதனங்கள் ஆகியவற்றைச் செய்து ஏர்டெல், ஜியோ போன்ற சேவை நிறுவனங்களுக்கு விற்கிறது. 2022இல் இந்த இரண்டுமே 5ஜி கருவிகளுக்கு அதனோடு ஒப்பந்தம் போட்டன. ஏர்டெல் அதே சமயம் எரிக்சன், சாம்சங் இரண்டிடமும் வாங்கியது.

ஆக, நோக்கியாவின் வாடிக்கையாளர் சேவை நிறுவனம். இரும்புக் கோபுரமோ பெரும்பாலும் மூன்றாவது ஒருவருடையது. இண்டஸ் டவர்ஸ் போன்ற டவர் கம்பெனிகள் நிலத்தை வாடகைக்கு எடுத்து, கோபுரம் நட்டு, அதில் இடத்தைச் சேவை நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. இண்டஸிடம் மட்டும் நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேல் டவர்கள் உண்டு. பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்கள் இருக்கின்றன. போர்வெல்லுக்கு மோட்டார் செய்யும் கம்பெனி உங்கள் கொல்லையைக் குத்தகைக்குக் கேட்டு வருமா? அதுபோலத்தான் இதுவும். கருவி விற்பவருக்கு உங்கள் நிலம் தேவையில்லை.

பணம் போகும் திசையையும் பாருங்கள். நாம் ரீசார்ஜ் செய்யும் பணம் சேவை நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கருவி விற்றவருக்கு, ஒரு பங்கு டவர் கம்பெனிக்கு, அதிலிருந்து வாடகை நிலத்துக்காரருக்கு. நிலத்துக்காரரிடமிருந்து மேலே போகும் பணம் என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. டவருக்குத் தடையில்லாச் சான்று தருவது டிராயின் வேலையே இல்லை. அதை அந்த அமைப்பே பலமுறை பொது அறிவிப்பாகச் சொல்லியிருக்கிறது.

கடிதத்தில் இருக்கும் கைகோக்கும் படம் பழைய கைபேசிக் காலத்தது. கம்பெனி 2023 பிப்ரவரியில் எழுத்துச் சின்னத்தையே மாற்றிவிட்டது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நாளைக்குப் புதுச் சின்னத்தைப் போட்டு அனுப்புவார்கள். பணம் கட்டச் சொன்ன வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாகத் தனிநபர் பெயராகத்தான் இருக்கும்.

சரி, உண்மையாக டவர் வருவது எப்படி? போனில் தொடங்காது, நேரில் ஆள் வருவார். சிக்னல் எங்கே குறைகிறது என்று பொறியாளர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி குறிப்பார்கள். இடம் பார்ப்பவர் அதைச் சுற்றிச் சிறிய வட்டத்துக்குள் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துப் படம் எடுத்துப் போவார். கரட்டோரம் என்பதால் உங்கள் இடம் தானாகப் பொருந்திவிடாது. கரடே சிக்னலை மறைக்கவும் செய்யும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவர வண்டித்தடம் உண்டா, மின்கம்பம் எவ்வளவு தூரம், பக்கத்து டவர் நேர்ப்பார்வையில் தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பார்க்காமலே தேர்வான நிலம் என்று ஒன்று கிடையாது. உங்கள் கொல்லைக்கு யாராவது கால் வைத்தார்களா?

இடம் பிடித்தால் பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று கேட்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கம்பெனி சில மாத நோட்டீஸில் காலி செய்யலாம், நீங்கள் மட்டும் பல வருடம் கட்டுப்பட வேண்டும் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயரும், காலி செய்தால் கான்கிரீட் அடித்தளத்தை யார் பெயர்ப்பது, வரப்பு வழியே போகும் பாதை உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதே கோபுரத்தில் இரண்டாவது சேவை நிறுவனம் ஏறினால் டவர் கம்பெனிக்குக் கூடுதல் வருமானம். உங்களுக்குப் பங்கு உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே பேசினால்தான் உண்டு. 25 லட்சம் முன்பணத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மானாவாரிக் கொல்லைக்கு அப்படி யாரும் தருவதில்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது: அந்த எண்ணுக்குப் பதில் பேசாதீர்கள். உரையாடலையும் கடிதத்தையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். உங்கள் ஆதார் நகல் அவர்களிடம் இருப்பதால், அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்து, உங்களுடையது அல்லாததைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஆதார் தளத்தில் கைரேகைப் பதிவைப் பூட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது உங்களுக்குத் தெரியாமல் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் நிறுத்த முடியும். ஓடிபி கேட்டு யார் கூப்பிட்டாலும் தராதீர்கள். அவர்களிடம் உங்கள் சிட்டாவும் இருப்பதால், நிலத்தின் பேரில் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று சில மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.