நெட் வேகமாக இருந்தும் டிவியில் படம் மங்குவது ஏன்?

கேள்வி: “வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. அப்படியும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. என்ன செய்யலாம்?”

அந்த 100-ஐ எங்கே நின்று அளந்தீர்கள்? ரௌட்டருக்குப் பக்கத்தில் போனை வைத்து என்றால், அந்தக் கணக்கு டிவிக்குச் செல்லாது.

இதே தப்பைச் செய்துவிட்டு, இணைப்பு தந்தவர்களோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியவன் நான். வருகிறவர் போனில் அளப்பார், 94 என்று காட்டுவார், போய்விடுவார். டிவியிலோ ஆட்கள் முகமெல்லாம் களிமண் பொம்மை மாதிரி. கடைசியில் டிவியிலேயே யூடியூபைத் திறந்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ (Stats for nerds) என்பதை ஆன் செய்தேன். மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெட்டி வந்தது. அதில் கனெக்‌ஷன் ஸ்பீடு 3,000 கேபிபிஎஸ் பக்கம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதாவது வெறும் 3 எம்பிபிஎஸ். ரௌட்டர் இருந்தது இரண்டு சுவர் தாண்டி, இரும்பு பீரோவுக்குப் பின்னால். டிவி பிடித்திருந்ததோ வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஒரு லேன் கேபிளை இழுத்துச் செருகியதும் பொம்மைகள் மனிதர்களாகிவிட்டார்கள்.

முன்பெல்லாம் நெட் குறைந்தால் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். இப்போது ஒரே படத்தைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக சர்வரில் வைத்திருக்கிறார்கள். நெட் தளர்ந்தால் பிளேயர் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் எடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றிவிடும். தொடக்கத்தில் மங்கலாக வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் கவலையே வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15. நிலையாக வந்தால் அதுவே தாராளம்.

வேகம் சரி, படம் மட்டும் சரியில்லை என்றால் படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்காமல் தடுக்கும் உரிமப் பூட்டைச் சந்தேகப்படுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன். அதில் உயர்ந்த பாதுகாப்பு நிலையான எல்1 இல்லாமல், தாழ்ந்த எல்3 மட்டும் இருந்தால், பெரும்பாலான ஓடிடி ஆப்கள் எச்டி தராது. எவ்வளவு வேகம் இருந்தாலும் எஸ்டி என்கிற சாதாரணத் தரம்தான். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸிலேயே இதைப் பார்க்கலாம். டிவியில் தனி பாக்ஸ் வைத்து 4கே பார்ப்பவர்களுக்கு, பாக்ஸ், நடுவில் ஸ்பீக்கர்களுக்கான ரிசீவர் இருந்தால் அது, டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் எல்லாமே எச்டிசிபி (எச்டிஎம்ஐ வழியே போகும் படத்துக்கான நகல் தடுப்புப் பூட்டு) 2.2 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஒன்று பழசானாலும் 4கே வராது. டேட்டா சேவர் ஆனில் கிடக்கிறதா, வாங்கிய பிளானில் 4கே உண்டா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டிவி செட்டிங்ஸில் இருக்கும் அந்த ஷார்ப்னஸ்! தெளிவு கூடும் என்று நம்பி உச்சத்தில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சுருக்கிய வீடியோவில் இருக்கும் கட்டங்களுக்கு அது கோடு போட்டுக் காட்டுகிறது. விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றி ஷார்ப்னஸை இறக்குங்கள். பாதி அழுக்கு போய்விடும்.

இருட்டுக் காட்சிகளில் வானம் பட்டை பட்டையாகத் தெரிவது வேறு சங்கதி. 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதிலும் இருண்ட பகுதிக்கு என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) கஞ்சத்தனமாகத்தான் பிட்களை ஒதுக்குகிறது. அங்கே இழந்ததை உங்கள் பக்கத்தில் எந்த செட்டிங்கும் மீட்டுத் தராது. டிவியின் பிரைட்னஸை ஒன்றிரண்டு புள்ளி குறைத்தால் கண்ணை உறுத்தாது, அவ்வளவுதான்.