பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கும் முன் ஃபார்மேட் செய்தால் போதுமா?

போதாது. குயிக் ஃபார்மேட் கொடுத்தால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் புதிதாக எழுதப்படும். ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அவற்றில் பெரும்பாலானதை மீட்டுவிடும்.

உங்களிடம் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாமல் மெமரி சிப்பில் பதியும் எஸ்எஸ்டியா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸில் இருப்பதே போதும். டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். மற்ற பென் டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் (diskpart) கொடுங்கள். அடுத்து "லிஸ்ட் டிஸ்க்". 1 டிபி டிஸ்க் அங்கே 931 ஜிபி என்று தெரியும். அதன் எண்ணைப் பார்த்து "செலக்ட் டிஸ்க் 1" என்பதுபோல் கொடுத்துவிட்டு, மறுபடியும் "லிஸ்ட் டிஸ்க்" கொடுங்கள். நட்சத்திரக் குறி சரியான டிஸ்க்கின் முன்னால் நிற்கிறதா? நின்றால் மட்டும் "கிளீன் ஆல்". நிஜமாகவே அழிக்கவா என்று அது திருப்பிக் கேட்காது. என்டர் தட்டியதும் ஆரம்பித்துவிடும்.

"ஆல்" என்பதை விட்டுவிடாதீர்கள். வெறும் "கிளீன்" பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் துடைக்கும். "கிளீன் ஆல்" ஒவ்வொரு செக்டாரிலும், அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சின்னப் பகுதியிலும், பூஜ்யத்தை எழுதும். மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேரடியாக மாட்டிய 1 டிபி டிஸ்க்குக்கு சுமார் 2 முதல் 3 மணி நேரம் ஆகும், யுஎஸ்பி 2.0 வழியாக என்றால் 8 மணி நேரத்துக்கு மேலும் போகலாம். எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் எதுவும் வராது. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துப் பலர் பாதியில் மூடிவிடுவது இங்கேதான். டாஸ்க் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ரைட் வேகம் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடி முன்பே மாற்றி வையுங்கள். முடிந்ததும் அதே ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பாருங்கள், எதுவும் கிடைக்கக் கூடாது.

35 முறை அழிக்க வேண்டும் என்ற பேச்சை நம்பி டிஸ்க்கை நாள்கணக்கில் ஓட்ட வேண்டாம். அது 1996இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றிருந்த பலவகைப் பதிவு முறைகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் 2014 வழிகாட்டியே இன்றைய காந்த டிஸ்க்குக்கு ஒருமுறை எழுதினால் பொதுவாகப் போதும் என்கிறது. கவலைப்பட வேண்டியது கெட்டுப்போன பேட் செக்டார்களுக்குத்தான். டிஸ்க் தானாக ஒதுக்கிவைத்த செக்டாரில் பழைய டேட்டா இருக்கலாம். மேலே எழுதுவது அங்கே போகாது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் "ரீஅலொக்கேட்டட் செக்டார்ஸ்" (ஒதுக்கிவைத்த செக்டார்கள்) கணக்கு ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை விற்காமல் உடைத்துவிடுவதே நல்லது.

எஸ்எஸ்டியில் "கிளீன் ஆல்" நம்பத்தகுந்ததல்ல. தேய்மானம் சமமாக இருப்பதற்காக எதை எந்த செல்லில் எழுதுவது என்று அதற்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பே மாற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குத் தெரியாத உபரி இடமும் உண்டு. அதனால் அழிக்கும் வேலையைக் கன்ட்ரோலரிடமே விட வேண்டும். அதற்கான கட்டளை செக்யூர் எரேஸ். சாம்சங் மெஜிஷியன் போன்ற தயாரிப்பாளர் மென்பொருளில் இது கிடைக்கும். டெல், எச்பியின் பல பிசினஸ் லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் செட்டிங்கிலேயே இருக்கிறது. "ஃப்ரோசன்" (கட்டளை பூட்டப்பட்டிருக்கிறது) என்று மறுத்தால் கம்ப்யூட்டரை ஒருமுறை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். யுஎஸ்பி கேஸில் போட்டுச் செய்யாதீர்கள், பல கேஸ்கள் இந்தக் கட்டளையை உள்ளே அனுப்புவதில்லை.

இயங்காத டிஸ்க் என்றால் உடைப்பதுதான் வழி. வீட்டுக் காந்தத்தை மேலே தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. 3.5 அங்குல டிஸ்க்கின் மூடியைப் பெரும்பாலும் டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம். ஒரு திருகு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். உள்ளே இருக்கும் அலுமினியத் தட்டுகள் ஒவ்வொன்றையும் மடக்கிக் கீறுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அடித்தால் தூளாகத் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அடியுங்கள். எஸ்எஸ்டியில் போர்டை இரண்டாக ஒடித்தால் மட்டும் போதாது, இருபுறமும் உள்ள ஒவ்வொரு மெமரி சிப்பும் நொறுங்க வேண்டும்.