‘லைசென்ஸ் வேண்டாம்’ என்று விற்ற ஸ்கூட்டரைப் போலீஸ் பிடித்துவிட்டது. என்ன செய்வது?

கேள்வி: வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், வயது 17. ட்யூஷன் போய்வர ஆட்டோவுக்கே பணம் கரைகிறது என்று 2025 ஜூனில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். விலை 62,000 ரூபாய். “லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம். பிள்ளைகளே ஓட்டலாம். அரசு மானியம் போகத்தான் இந்த விலை” என்றார் கடைக்காரர். கடையின் விளம்பர நோட்டீஸிலும் அப்படியே போட்டிருக்கிறது. போன வாரம் பாடி மேம்பாலம் அருகே போக்குவரத்துப் போலீஸார் மகளை நிறுத்தி, லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் இல்லை என்று எழுதி வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். கடைக்காரர் போனை எடுப்பதில்லை. நான் செய்தது குற்றமா? வண்டி திரும்பக் கிடைக்குமா? பில், நோட்டீஸ், வண்டியின் படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டி நாளைக்கே கைக்கு வந்தாலும், மகளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல், விதி 2(u) என்று ஒன்று உண்டு. பேட்டரியில் மட்டும் ஓடும் இருசக்கர வண்டி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அது ‘மோட்டார் வாகனம்’ ஆகாது என்கிறது அந்த விதி. மோட்டாரின் முப்பது நிமிட சக்தி, அதாவது அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி, 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியை நீக்கி எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் சலுகை போய்விடும். இவை இருப்பதாகக் கடைக்காரர் சொன்னால் போதாது. விதி 126-இல் சொல்லப்பட்ட சோதனை நிலையம் ஒன்று அந்த மாடலைச் சோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலையங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே, ஒரகடத்தில் இருக்கிறது.

அந்தச் சான்று பெற்று, பெற்றபடியே ஓடும் வண்டிக்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டப்படியான இன்ஷூரன்ஸும் வேண்டாம். மற்ற எல்லா எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் சட்டத்தின் கண்ணில் பெட்ரோல் ஸ்கூட்டர் மாதிரிதான்.

இப்போது உங்கள் படங்களுக்கு வருகிறேன். கைப்பிடிக்குக் கீழே பளிச்சென்று ‘250 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பின்சக்கரத்தின் நடுவில், மோட்டார் மூடியின் மேல், சேறு படிந்த இடத்தில் பொறித்திருப்பதோ 1000 வாட். சீட்டுக்கு அடியில், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரை வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயர் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘நல்லா இழுக்குதுப்பா, நாற்பத்தைந்து போகுது’ என்று மகள் சொன்னதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், உங்கள் வண்டி விதி 2(u)-வின் பாதுகாப்புக்குள் வராது என்று சொல்ல. போலீஸார் நிறுத்தியதில் தவறு இல்லை.

அப்படியானால் மோட்டார் வாகனச் சட்டம் 1988 முழுதாகப் பொருந்துகிறது. பதிவில்லாமல் ஓட்டியதற்குப் பிரிவு 192. முதல் முறை என்றால் 5,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸ் இல்லாததற்குப் பிரிவு 181, அதற்கும் 5,000. இன்ஷூரன்ஸ் இல்லாததற்குப் பிரிவு 196-இன்படி 2,000. இவையெல்லாம் பணத்தோடு முடிந்துவிடக்கூடியவை. எனக்குக் கவலை பிரிவு 199A பற்றித்தான். 2019 திருத்தத்தில் வந்தது இது. மைனர் பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் சம்மதித்தே அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனாள்’ என்று நிரூபித்தால் தப்பலாம் என்று சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் நீங்களே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அந்த வழி உங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருப்பது வேறு வாதம்: இது மோட்டார் வாகனமே அல்ல என்று விற்றவர் எழுத்தில் சொன்னதை நம்பினேன், ஏமாற்றப்பட்டேன் என்பது. அதற்கு அந்த விளம்பர நோட்டீஸ்தான் ஆதாரம். தொலைத்துவிடாதீர்கள். போலீஸ் கூப்பிட்டால் போகாமல் இருக்காதீர்கள்; ஒரு வழக்கறிஞரோடு போங்கள். சலானில் எந்தெந்தப் பிரிவுகள் எழுதியிருக்கின்றன என்று படித்துப் பார்க்காமல் ஆன்லைனில் பணம் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். 199A அதில் இருந்தால் கட்டி முடிக்கிற விஷயமே அல்ல.

வண்டி கிடைக்குமா? பிடித்து வைக்கும் அதிகாரம் பிரிவு 207-இல் வருகிறது. அதே பிரிவில், உரிய ஆவணங்களோடு உரிமையாளர் விண்ணப்பித்து விடுவித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. சிக்கல் அந்த ஆவணங்களில்தான். பல பேர் என்னிடம், ‘சரி, இப்போது பதிவு செய்துவிடலாமே’ என்று கேட்கிறார்கள். முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவுக்குக் கடைக்காரர் தரும் படிவம் 21, தயாரிப்பாளர் தரும் படிவம் 22 இரண்டும் வேண்டும். மோட்டார் வாகனமாகச் சோதனையில் தேறாத மாடலுக்குப் படிவம் 22 வராது. ஆகவே இந்த வண்டியைச் சாலையில் ஓட்டும்படி மீட்பதைவிட, பணத்தை மீட்பதில் கவனம் வையுங்கள்.

இங்கே மானியம் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொன்ன பொய்களிலேயே எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். உங்கள் பில்லில் ‘அரசு மானியம் 10,000 கழிவு’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு மத்திய அரசு மானியம் தந்த பழைய ஃபேம்-2 திட்டத்திலேயே, குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம் போகிற வண்டிக்குத்தான் மானியம். அது 2024 மார்ச்சில் முடிந்தது. நீங்கள் வாங்கிய நேரத்தில் நடப்பில் இருந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில், பதிவாகும் இருசக்கர வண்டிக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய். அதையும் வாங்குபவரின் ஆதார், முகச் சரிபார்ப்போடு வரும் மின்-வவுச்சர் வழியாகத்தான் தந்தார்கள். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அந்தப் பத்தாயிரம் அவராக எழுதிக்கொண்டது. உங்களுக்கு எதிராக அல்ல, உங்களுக்குச் சாதகமாக அது ஒரு நல்ல சாட்சி.

வேதனை என்னவென்றால், பதிவை விட்டுவிட்டு நீங்கள் மிச்சம் பிடித்தது மிகக் குறைவு. நீங்கள் வாங்கிய நேரத்தில் தமிழ்நாட்டில் பேட்டரி வண்டிகளுக்குச் சாலை வரி முழுவதும் விலக்காக இருந்தது. பதிவுக் கட்டணத்தையும் மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டது. ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாத பேட்டரி வண்டிக்கும் பதிவாகும் பேட்டரி வண்டிக்கும் 5 சதவீதம்தான். பச்சை நம்பர் பிளேட் போட்ட முறையான ஸ்கூட்டர் வாங்கியிருந்தால் பெரிதாகக் கூடியிருப்பது இன்ஷூரன்ஸ் பணம் மட்டும். அந்த இன்ஷூரன்ஸின் அருமை விபத்து நடந்தால்தான் தெரியும். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கின்றன. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி யாரையாவது இடித்துவிட்டால், அங்கே விதிக்கிற லட்சங்களை உரிமையாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வீட்டை விற்றுக் கட்டியவரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஐந்து மாதம் அப்படி எதுவும் நடக்காமல் போனதற்கு நான் உண்மையிலேயே நிம்மதி அடைகிறேன்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் இந்த மாடலுக்கான சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். 15 நாள் கெடு கொடுத்து முழுப் பணத்தையும் திருப்பிக் கேளுங்கள். நடுவிலேயே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். சில கடைகள் அதற்கே இறங்கி வருகின்றன. பதில் இல்லையென்றால் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். விலையோடு, கட்டிய அபராதத்தையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

ஒயரை வெட்டியது யார் என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். நீங்களோ தெரிந்த மெக்கானிக்கோ செய்திருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வழக்கின் போக்கு மாறும். டெலிவரி நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்றால், அன்று எடுத்த படம், கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். அப்புறம், யாராவது ஒயரை மறுபடி ஒட்டி 25-க்குக் குறைத்துத் தருகிறேன் என்றால் அதைச் செய்ய விடாதீர்கள். மோட்டார் 1000 வாட்டாகவே இருக்கும், ஆதாரமும் கெட்டுவிடும். வேறொருவருக்கு விற்றுவிடும் யோசனையும் வேண்டாம்.

ட்யூஷனுக்கு என்ன வழி என்கிறீர்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வருகிற, 250 வாட்டுக்குக் குறைவான சைக்கிள்களுக்கும் அதே விதி 2(u)-வில் இடம் உண்டு. சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடச் சொல்லுங்கள். சலானின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், பிரிவுகளைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.