'திஸ் இஸ் அமெரிக்கா': ஆடுபவருக்குப் பின்னால் நடக்கும் கதை

சைல்டிஷ் கேம்பினோ என்ற பெயரில் பாடும் அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் குளோவரின் இந்த ராப் வீடியோ 2018 மே மாதம் வந்தது. இயக்கியவர் ஹிரோ முராய். அடுத்த ஆண்டு கிராமி இசை விருது விழாவில் சிறந்த இசை வீடியோ உட்பட நான்கு விருதுகள் இந்தப் பாட்டுக்குக் கிடைத்தன. இதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கல்லூரி மாணவி: அக்கா, இதில் கதை எங்கே இருக்கிறது? ஒருவர் ஆடுகிறார், சுடுகிறார், மறுபடி ஆடுகிறார். அவ்வளவுதானே?

அவருக்குப் பின்னால் பாருங்கள்மா. ஒரு பெரிய காலிக் கிடங்கு. சட்டை போடாத குளோவரும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்கள். பின்னால் ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள், கார் எரிகிறது, மேல் தளத்தில் சில பையன்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் பிடிக்கிறார்கள். கேமரா பெரும்பாலும் குளோவரை விடுவதில்லை. நம் கண்ணும் அவரோடே போய்விடுகிறது. கண்ணெதிரே கலவரம் நடந்தும் நாம் ஆட்டத்தைத்தான் பார்த்தோம் என்று இரண்டாம் முறை பார்க்கும்போது உறைக்கிறது பாருங்கள், கதை அதுதான். ஓரிடத்தில் முக்காடிட்ட ஒருவர் வெள்ளைக் குதிரையில் பின்னால் கடந்து போகிறார். பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணம் ஏறி வரும் 'மங்கின நிறமுள்ள குதிரை' பலருக்கு நினைவுக்கு வந்தது. முதல் தடவையிலேயே அதைக் கவனித்தவர்கள் குறைவு.

குறும்பட எடிட்டர்: மேடம், அந்த முதல் துப்பாக்கிச் சூடு அப்படி அதிர வைப்பது கட்டிங்காலா, சவுண்டாலா?

வெட்டு கண்ணில் படாததால் என்பேன். இனிமையான கோரஸ், நாற்காலியில் கிடாரோடு ஒருவர், ஆடியபடி அவரை நோக்கி வரும் குளோவர். ஏறக்குறைய 50 விநாடி நாம் நிம்மதியாக இருக்கிறோம். அதற்குள் கிடார்காரரின் தலை சாக்கால் மூடப்பட்டிருக்கிறது. குளோவர் இடுப்பை வளைத்து, ஒரு முழங்காலை மடித்து நின்று சுடுகிறார். கறுப்பர்களைக் கேலி செய்த 19ஆம் நூற்றாண்டு 'ஜிம் க்ரோ' படங்களில் இருக்கும் அதே தோரணை. குண்டு பாய்ந்ததும் பாட்டின் பீட்டும் மாறுகிறது.

ஆனால் சவுண்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த சில விநாடிகள். ஒரு பையன் சிவப்புத் துணியோடு ஓடி வருகிறான். துப்பாக்கி அந்தத் துணிமேல் பத்திரமாக வைக்கப்படுகிறது. செத்தவரைத் தரையில் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். எதற்கு அங்கே மதிப்பு என்பதை ஒரு வரிகூடப் பாடாமல் காட்டிவிட்டார்கள்.

தேவாலய கோரஸ் குழுவைக் குளோவர் சுடும் காட்சி உண்மைச் சம்பவமா?

அப்படியே எடுத்தது இல்லை. ஆனால் 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், பைபிள் படிக்கக் கூடியிருந்த ஒன்பது கறுப்பர்களை ஒரு வெள்ளை இனவெறியன் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றான். அது தெரிந்தவர்களால் இந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. இங்கேயும் அதே சிவப்புத் துணி வருகிறது.

நடனப் பயிற்சியாளர்: நடனம் யார் அமைத்தது?

ஷெர்ரி சில்வர். ருவாண்டாவில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்தவர். தென்னாப்பிரிக்காவின் குவாரா குவாரா நடன அசைவுகளை நீங்கள் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள்.

நடுவில் பாட்டே நின்றுபோகிறதே, அது எதற்கு?

குளோவர் வெறும் கையைத் துப்பாக்கிபோல நீட்டுகிறார். கையில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் தெறித்து ஓடுகிறார்கள், பீட் நின்றுவிடுகிறது. அதுவரை நிஜத் துப்பாக்கி வெடித்த பிறகும் பிள்ளைகளின் ஆட்டம் தொடர்ந்தது. அதனால்தான் இந்த மௌனம் இவ்வளவு கனக்கிறது.

எனக்கு இது பிடிக்கவில்லை மேடம். கொலையைக் காட்டித்தான் கொலையைக் கண்டிக்க வேண்டுமா?

நியாயமான கேள்வி. உறவைப் பறிகொடுத்த ஒருவரை இதைப் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கடைசிக் காட்சிக்காக நான் இந்த வீடியோவின் பக்கம்தான் நிற்பேன். இருட்டில் கண்கள் பிதுங்க, உயிர் பயத்தோடு குளோவர் ஓடி வருகிறார், ஒரு கூட்டம் துரத்துகிறது. ஆடிய வரைக்கும் அவரை யாரும் தொடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரும் இன்னொரு கறுப்பர்தான். இதற்கு முன் காட்டிய வன்முறை எல்லாம் அந்த ஓட்டத்தில் அவர் மேலேயே திரும்புகிறது.

அக்கா, நானும் நண்பர்களும் ஒரு ராப் வீடியோ எடுக்கப் போகிறோம். கையில் காசு இல்லை. வரிக்கு ஏற்ற காட்சி வைத்தால் போதுமா?

போதாது தம்பி. வரியில் மழை என்று வந்தால் மழையைக் காட்டாதீர்கள், அதைத்தான் காது கேட்டுவிட்டதே. அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' (2015) பாருங்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று பாட்டு சொல்கிறது. படத்திலோ போலீஸ்காரர்கள் அவர் உட்கார்ந்த காரைப் பல்லக்குபோலத் தோளில் சுமக்கிறார்கள். அப்புறம் விளக்குக் கம்பத்தின் மேல் நிற்கும் லமாரை ஒரு போலீஸ்காரர் விரலை நீட்டியே 'சுட்டு' வீழ்த்துகிறார். பாட்டின் நம்பிக்கையைப் படம் சோதித்துப் பார்க்கிறது.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம், போன் கேமராவே போதும். ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாடுபவர் முகத்தில் ஃபோகஸை லாக் செய்யுங்கள். பாட்டு எதை மறைக்கிறதோ அதைப் பின்னால் ஒருவரைச் செய்ய வையுங்கள். நீளமான ஷாட் என்றால் ஒத்திகையிலேயே பாதி நாள் போகும், போகட்டும். எடிட் முடிந்ததும் சவுண்டை அணைத்து, பாட்டைக் கேட்டிராத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் மறுபடி எடுங்கள்.