பல்லாண்டுச் செடி என்று நம்பி வளர்த்த மணிப்பூ, பூத்து முடிந்ததும் செத்துப்போனது ஏன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. "மணிப்பூச் செடி ஆண்டுதோறும் பூக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இந்தக் கோடையில் அள்ளி அள்ளிப் பூத்தது. பூத்து முடிந்ததும் அடியோடு காய்ந்துவிட்டது. தண்ணீர் கூடிப்போனதா, உரம் போதவில்லையா, இல்லை என் கையில்தான் கோளாறா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் ஒரு வசந்தகாலம் முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

செடியின் படத்தை நீங்கள் போடவில்லை. ஆனாலும் அடித்துச் சொல்கிறேன்: முழங்காலுக்கு மேல் உயரம், குண்டு குண்டாகப் பெரிய பூ, நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று கலவையான நிறம். சிலவற்றில் கோப்பைக்கு அடியில் தட்டு வைத்தாற்போல இன்னொரு அடுக்கு இதழும் இருந்திருக்கும். அப்படியென்றால் அது கேம்பனுலா மீடியம். கேன்டர்பரி பெல்ஸ் என்றும் சொல்வார்கள். அது ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு தரையோடு தரையாக இலை வட்டம் மட்டும் விடும், ஒரு குளிர்காலத்தைத் தாண்டும், மறு ஆண்டு தண்டு எழுப்பிப் பூக்கும், விதை போடும், செத்துவிடும். அதன் ஆயுசே அவ்வளவுதான். நீங்கள் பன்னீரே ஊற்றியிருந்தாலும் போயிருக்கும்.

கேம்பனுலா என்றால் லத்தீனில் குட்டி மணி. இந்தப் பேரினத்தில் 400-க்கும் மேல் இனங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிவது, ஈராண்டில் முடிவது, பல்லாண்டு வாழ்வது, ஒழிக்கவே முடியாதது என்று எல்லாமே உண்டு. எல்லாவற்றையும் "மணிப்பூ" என்ற ஒரே பெயரில் விற்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

என் கதையும் ஒரு விதைப் பொட்டலத்தில்தான் தொடங்கியது. முகப்பில் நீல மணிகள் குலுங்கும் படம், கீழே "மணிப்பூ, பல்லாண்டு" என்று கொட்டை எழுத்து. இனப் பெயர் எங்கேயும் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு அது விளங்கியிருக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை விதையை விரல் கணு ஆழத்துக்குப் புதைத்தேன். அவரை விதை ஊன்றிப் பழகிய கை. ஒரு முளைகூட வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இந்த விதை தூசி மாதிரி, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும், மண் போட்டு மூடக்கூடாது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அத்தனை விதையும் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். அதனால் தட்டில் தண்ணீர் வைத்து அதில் தொட்டியை உட்கார வைத்தேன், அடியிலிருந்து மண் தானே உறிஞ்சிக்கொண்டது. 18, 20 டிகிரிச் சூட்டில் மூன்று வாரத்துக்குள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

முதல் ஆண்டு வெறும் இலை. மறு ஆண்டு கோடை தொடங்கும்போது பூத்தது பாருங்கள், ஒவ்வொரு தண்டும் பாரம் தாங்காமல் சாய்ந்து, குச்சி நட்டுக் கட்டவேண்டி வந்தது. தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மொட்டைப் பிரித்தே பார்த்தேன். மணிக்கு நாக்கு இருக்குமே, அது போல நடுவில் ஒரு சூல்தண்டு. பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தப் பைகள் தங்கள் மாவையெல்லாம் அந்தத் தண்டின் மயிர்கள்மேல் பூசிவிட்டுச் சுருங்கிப்போகின்றன. பூ திறக்கும்போது தண்டு சுண்ணாம்பு பூசின மாதிரி நிற்கும். தேனீ உள்ளே நுழைந்து முதுகெல்லாம் அப்பிக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாளில் தண்டின் நுனி பிளந்து விரியும். அப்போதுதான் அது வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயார். முதலில் கொடுப்பது, பிறகு வாங்குவது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த நுனி எத்தனையாகப் பிளக்கிறது என்று எண்ணினால் உங்கள் செடி எதுவென்று தெரிந்துவிடும். மீடியத்தில் 5. வீட்டுத் தோட்டத்தில் வைக்கும் பல்லாண்டு வகைகளில் பெரும்பாலும் 3. இன்னொரு அடையாளமும் உண்டு. மீடியத்தில் பூவின் அடியில் உள்ள பச்சைப் புல்லி இதழ்களுக்கு இடையிடையே, கீழ்நோக்கி மடங்கிய சிறு மடல்கள் இருக்கும். அன்றைக்கு நானும் 5 என்று எண்ணினேன், அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு எழுந்து போனேன். அதற்குள் ஒரு செய்தி இருக்கிறது என்று யார் கண்டது!

கோடை முடிவில் தண்டுகள் பழுப்பாயின. பல்லாண்டுச் செடிதானே, அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டு, இடம் மறந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டேன். மறு வசந்தத்தில் அந்தக் குச்சிகளைச் சுற்றி எரு போட்டு, தண்ணீர் ஊற்றி, காத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து வந்திருந்த என் நாத்தனார், வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணி, குச்சிக்கா தண்ணி ஊத்துறீங்க?" என்றாள். நான் விளக்கினேன். அவள் ஒரு தூரைப் பிடித்து இழுத்தாள். தக்கை மாதிரிக் கையோடு வந்தது. "உங்க கைக்குச் செடி வராது, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். விசேஷத்துக்கு விசேஷம் இன்றுவரை இந்தக் குச்சிக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கேள்வியில் "என் கையில்தான் கோளாறா" என்ற வரி என்னை ஏன் குத்தியது என்று இப்போது புரியும்.

"மீடியம்கூடச் சில சமயம் மூன்றாம் ஆண்டு தழைக்கும், விதை பிடிக்கவிடாமல் பூவை வெட்டினால் போதும்" என்று ஒருவர் இங்கே கட்டாயம் வருவார். வரட்டும். தழைத்ததைப் பார்த்தவர்கள் இருக்கலாம். அதை நம்பித் தோட்டம் போட முடியாது என்றுதான் சொல்கிறேன். நான் தாவரவியல் படித்தவளும் இல்லை, என் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்து நான் செய்தது இதைவிடப் பெரிய முட்டாள்தனம். செத்துப்போன செடியால் பட்ட அவமானத்தில், சாகாத மணிப்பூ யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டுத் திரிந்தேன். செடி மாற்றிக்கொள்ளும் ஒரு கூட்டத்தில் ஒரு பெண்மணி மூன்று கன்றுகள் கொடுத்தார். "இது சாகவே சாகாதுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். பொய் சொல்லவில்லை.

அது கேம்பனுலா ராபன்குலாய்டஸ், படரும் மணிப்பூ. நெட்டுக்குத்தான தண்டு, அதன் ஒரே பக்கமாக வரிசைகட்டித் தொங்கும் ஊதா மணிகள். முதல் ஆண்டு ஆசையாகப் படம் எடுத்தேன். இரண்டாம் ஆண்டு பாத்தி நிறைந்தது. மூன்றாம் ஆண்டு நடைபாதைக் கல் இடுக்கிலும் ரோஜாவின் தூருக்குள்ளும் எட்டிப் பார்த்தது. பிடுங்கினால் மேல் தண்டு மட்டும் சுலபமாகக் கையில் வரும், வெட்டுவாயில் பால் கசியும். அதைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள். தோண்டிப் பார்த்தால் மேலே நூல் நூலாக வெள்ளை வேர்கள், ஒரு முழத்துக்கும் கீழே கேரட் தடிமனில் வெள்ளைக் கிழங்கு. மண்வெட்டி பட்டு உடைந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். போதாதற்கு ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இதைக் களைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். புல்வெளிக் களைக்கு வழக்கமாக அடிக்கும் 2,4-டி மருந்தும் இதை அசைக்காது. நான் பூவை விதையாகாமல் கிள்ளிக் கிள்ளி, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில் கிழங்கு கிழங்காகத் தோண்டி எடுத்தேன். நாலு வருஷமாகிறது. போன வாரமும் இரண்டு முளை.

இந்த வேலைக்கு மண்வெட்டி ஆகாது, நான்கு பல் உள்ள பெரிய ஃபோர்க் வேண்டும், கிழங்கு உடையாமல் மண்ணைப் புரட்ட. என்னிடம் நல்லதாக ஒன்று இருந்தது. இருந்தது என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் "ஒரு மணி நேரம்" என்று வாங்கிப்போய் மூன்று வாரம் கழித்து, ஒரு பல் வளைந்த நிலையில், சேறு காய்ந்துபோய்க் கொண்டுவந்து சாத்தினார். கேட்டால் "முன்னாடியே அப்படித்தானே இருந்தது" என்கிறார். கருவியை இரவல் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரே வசனத்தை யார் எழுதிக் கொடுத்தார்களோ. வளைந்ததை நிமிர்த்தினேன், முறிந்தது. இப்போது மூன்று பல். புத்தகத்தைக்கூட இரவல் கொடுப்பேன், இனிமேல் கத்தரியும் ஃபோர்க்கும் வீட்டைவிட்டு நகராது. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை.

கேள்விக்கு வருகிறேன். ஆண்டுதோறும் பூக்கவும் வேண்டும், ஊரை வளைக்கவும் கூடாது என்றால், என்னிடம் நிலைத்தவை மூன்று. கேம்பனுலா கார்ப்பாட்டிகா, கார்ப்பாத்திய மலைகளைச் சேர்ந்தது. ஒரு சாண் உயரத்தில் மெத்தை மாதிரி நிற்கும், பூ மேல்நோக்கித் திறந்த கிண்ணம். பாத்தி ஓரத்துக்கு இதைவிட அடக்கமான செடி நான் பார்த்ததில்லை. கேம்பனுலா பெர்சிசிஃபோலியா, பீச் மர இலை போன்ற ஒடுங்கிய இலை, இடுப்பளவு மெல்லிய தண்டு. அங்கங்கே விதை விழுந்து முளைக்கும், ஆனால் வேண்டாம் என்றால் சுலபமாகப் பிடுங்கலாம். கல்லிடுக்கும் சுவரும் இருந்தால் கேம்பனுலா போர்ட்டன்ஷ்லாகியானா. அதன் சொந்தக்காரியான போஷார்ஸ்கியானாவும் அழகுதான், ஆனால் அவள் கை கொஞ்சம் நீளம், அடுத்த செடியின்மேல் ஏறிவிடுவாள். அட்டையில் இந்த முழுப் பெயர் இல்லாத செடியை நான் இப்போது தொடுவதே இல்லை.

வளர்ப்பதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும்: தண்ணீர் தேங்கக்கூடாது. இந்தச் செடிகளைக் குளிர் கொல்வதைவிடக் குளிர்கால ஈரம்தான் அதிகம் கொல்கிறது. களிமண்ணாக இருந்தால் பொடிச் சரளை கலந்து பாத்தியைக் கொஞ்சம் மேடாக்குங்கள். எருவைச் சுற்றிப் போடுங்கள், தூர்மேல் குவிக்காதீர்கள், அழுகிவிடும். பாசத்தில் நான் அதையும் செய்து ஒரு கார்ப்பாட்டிகாவை இழந்திருக்கிறேன். முதல் சுற்றுப் பூ வாடியதும் கிள்ளிவிட்டால் இன்னொரு சுற்று, முதலளவு இல்லாவிட்டாலும், வரும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைத் தோண்டிப் பிரித்து நடாவிட்டால் நடு வெறுமையாகி ஓரத்தில் மட்டும் பூக்கும். இளந்துளிர் வரும் நேரத்தில் நத்தை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும், டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நான் கண்ட வழி.

நீங்கள் வெப்பமண்டலத்திலிருந்து கேட்கிறீர்கள் என்றால் சங்கதி வேறு. இவற்றில் பல வகைகளுக்குப் பூக்க ஒரு குளிர்காலம் தேவை. கார்ப்பாட்டிகா பகல் நீண்டால்தான் மொட்டு வைக்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் பகல் ஆண்டு முழுக்க 12 மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் வேர் தாங்காது. அங்கே இதை ஒரு பருவத்துச் செடியாக வாங்கி, பூத்தவரை பார்த்துவிட்டு, விட்டுவிடலாம். ஆனால் "கோடையில் பூத்தது" என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுக்குக் குளிர்காலமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, அந்தச் செத்த செடியை இன்னும் பிடுங்கவில்லை என்றால் உடனே பிடுங்காதீர்கள். காய்ந்த காய்களில் பக்கவாட்டில் சின்னத் துளைகள் திறந்து, காற்றில் ஆடும்போது விதை சிந்தியிருக்கும். தூரைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்குக் குனிந்து பாருங்கள். சொரசொரப்பான மயிர் உள்ள, நாணய அகலத்தில் இலை வட்டங்கள் தெரிந்தால் அவை அதன் குட்டிகள். நெருக்கமாக இருப்பதை ஒரு அடி இடைவெளிக்குப் பிரித்து நட்டால் அடுத்த கோடையிலேயே பூக்கும். என் நாத்தனார் இழுத்துப் போட்ட தூருக்கடியில் அப்படி ஏழு இருந்திருக்கின்றன. நான் எரு போட்டு மூடிவிட்டேன்.