மேலே கருகி, உள்ளே வேகாத பேக் கிழங்கு

உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கி, பாலும் சீஸும் போட்டு அவனில் (oven) பேக் பண்ணினால் மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பால் ஊற்றின தட்டை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, 180 பாகை செல்சியஸில் 45 நிமிடம் விடுங்கள். அப்புறம்தான் தாளை எடுத்துச் சீஸைத் தூவி, இன்னும் 15 நிமிடம். நீங்கள் சீஸைத் தொடக்கத்திலேயே போட்டதால்தான் மேலே கருகி, உள்ளே நறுக்கென்று நிற்கிறது.

வில்லைகளும் தடிப்பாக இருந்திருக்கும். 3 மில்லிமீற்றர் போதும். வெட்டினபின் கழுவ வேண்டாம், அந்த மாப்பொருள்தான் பாலைத் தடிக்க வைக்கும். நான் என்றால் வில்லைகளைப் பாலிலேயே அடுப்பில் ஒரு கொதி விட்டுத்தான் அடுக்குவேன். கரண்ட் பில்லுக்கும் நல்லது.

சீஸ் போட முதல் நடுவில் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் சரி.

ஆனால் உங்களுடையது சின்ன மேசை அவன் என்றால் மேலே சூடாகும் கம்பி மிகக் கிட்ட இருக்கும், தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள். நுவரெலியாக் கிழங்கையும் கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் வாங்கின இறக்குமதிக் கிழங்கையும் கலக்காதீர்கள், ஒன்று கரையும்போது மற்றது வேகாமல் கிடக்கலாம்.